பல்லுப் பல்லாக வெட்டிய குளிசை அட்டைகள்

மதினி,

முந்தாநாள் விஞ்ஞான அறை அலுமாரியைத் திறந்தபோது, பூஞ்சணம் பிடித்த பேக்கரிப் பாணின் மணம் முகத்தில் அடித்தது. தரம் ஏழுப் பிள்ளைகள் போன கிழமை கட்டி வைத்த பொலித்தீன் பைகள் அவை. கழுவாத கையால் தொட்ட பாண் ஒன்று, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையால் தொட்டது ஒன்று, ஒருவரும் தொடாதது ஒன்று. யாரோ ஒரு பையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓட, நான் மட்டும் கதவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சருக்கு இந்த மணம் புடிக்குமாடி?" என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

எனக்கு உங்கள் நினைவு வந்திருந்தது. இந்தச் சோதனையை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் முதன்முதல் எங்கள் குசினியில்தான் செய்து பார்த்தேன். பரணில் ஒளித்து வைத்திருந்த மூன்று பைகளையும் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். "அல்லாவே, படிச்ச பொம்புள பாணப் பூக்க வெச்சிரிக்கா! காகத்துக்குப் போட்டிருந்தாலும் நன்மையாச்சே" என்று மூன்றையும் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, எனக்குப் பிளேன்டீயும் ஊற்றி வைத்திருந்தீர்கள். கழுவாத கை எது, கழுவிய கை எது என்று நான் கடைசிவரை அறியவில்லை.

என் கணவரின் மூத்த சகோதரி நீங்கள். கலியாணத்துக்கு முன்பே எங்களுக்கு அயல் வீடு. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி, அந்த வேலியில் ஓர் ஆள் நுழையும் கடப்பு. அதை நாங்கள் ஒருநாளும் அடைத்ததில்லை. ஒன்பது வருடம் சவுதியில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து, அபாயா தைத்து உங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினீர்கள். மருதமுனையில் எங்கள் குறுந்தெருவில், இந்த ஒழுங்கையில், பெண்கள் உடுத்த அபாயாக்களில் பாதி உங்கள் கையால் தைத்தவை. மற்றப் பாதி, 'இது யார் தைச்ச, இடுப்பக் காணல்லியே' என்று நீங்கள் குறை சொன்னவை.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அந்தத் தகர டின் இருந்தது. வெளிநாட்டுச் சொக்லேட் வந்த டின். அதற்குள் குளிசை அட்டைகள். அட்டையில் எழுதிய பெயரைவிட நிறம்தான் உங்களுக்குக் கணக்கு. சிவப்பும் மஞ்சளும் கலந்தது தொண்டைக்கு, பச்சையும் வெள்ளையும் பல்லு வலிக்கு, நீளமான வெள்ளைக் குளிசை 'கடுமையான காய்ச்சலுக்கு'. யாராவது வைத்தியரிடம் வாங்கிப் பாதியில் விட்டது, வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொண்டுவந்தது, பாமசியில் வைத்தியர் துண்டில்லாமல் வாங்கியது எல்லாம் உங்களிடம் வந்து சேரும். ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருமினால் போதும், கத்தரிக்கோலோடு எழும்பிவிடுவீர்கள். துணியின் ஓரம் பிரியாதபடி பல்லுப் பல்லாக வெட்டும் தையல் கத்தரிக்கோல் அது. அதைக் கொண்டே அட்டையிலிருந்தும் இரண்டு குளிசையை வெட்டுவீர்கள்.

"இந்தா. ஒண்டு காலையில, ஒண்டு பின்னேரம். ரெண்டு நாளையில பறந்திரும்."

சவளக்கடையில் வேளாண்மை செய்யும் உங்கள் தம்பி, அதாவது என் கணவர், அருவாள் வெட்டிய கால்விரலோடு வந்தால் கப்சூலை உடைத்து அந்தத் தூளைக் காயத்தில் தூவிக் கட்டுவீர்கள். அவர் இரண்டாம் நாளே வயலுக்குப் போய்விடுவார். உங்கள் புகழ் இன்னும் கூடும். நான் விஞ்ஞான ஆசிரியை. இதெல்லாம் பிழை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் குவிந்து கிடந்த ஒரு நாள், தொண்டை நோகிறது என்று நானே கடப்பால் நுழைந்து வந்து சிவப்பு மஞ்சள் இரண்டை வாங்கி விழுங்கினேன்.

ஒருநாள் கேட்டேன், "மதினி, ஏன் இவ்வளவு சேத்து வெச்சிரிக்கீங்க?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னீர்கள்: "அங்க எனக்குக் காய்ச்சல் எண்டா என்னெண்டு கேக்க ஒரு ஆளில்ல புள்ள. அவங்கட அலுமாரியத் தொறந்து, நிறத்தப் பாத்து நானே போட்டுக்குவன். போட்டிட்டு மறுகா வேலைக்கு ஒழும்பிருவன். நம்மட ஒழுங்கையில ஒராளும் அப்படிக் கிடக்கப்படாது."



பிறகுதான் தரம் ஏழுக்குக் கிருமிகள் பற்றியும் அன்டிபயோட்டிக் பற்றியும் ஒரு தொடர் பாடம் நடத்தச் சொல்லி அதிபர் என்னிடம் பொறுப்புத் தந்தார். நான் உற்சாகமாகத் தொடங்கினேன். பற்றீரியா வேறு, வைரசு வேறு என்றேன். தடிமனும் சாதாரணச் சளியும் பெரும்பாலும் வைரசால் வருபவை, அன்டிபயோட்டிக் அவற்றைத் தொடாது என்றேன். ஒருவருக்குத் தந்ததை இன்னொருவர் போடக்கூடாது, வைத்தியர் சொன்னபடிதான் போட வேண்டும், மிஞ்சியதைச் சேர்த்து வைக்கக்கூடாது என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். கரும்பலகையில் எழுதியதை அழகாகக் கொப்பியில் இறக்கினார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் வெளிச்சம் வரவில்லை.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மருந்துகளைப் பெரியவர்களோடு சேர்ந்து பார்த்து எழுதி வாருங்கள், மருந்தைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'கொண்டுவர வேண்டாம்' என்பதை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. மறுநாள் என் மேசையில் அட்டைத் துண்டுகள் குவிந்தன. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குளிசை உள்ள துண்டு. ஒரு குளிசை உள்ள துண்டு. எல்லாத் துண்டுகளின் ஓரமும் பல்லுப் பல்லாக இருந்தது.

முன் வரிசையில் இருந்த ரிஹ்லா, எங்கள் பின் ஒழுங்கைப் பிள்ளை, எழுந்து நின்று பெருமையோடு சொன்னாள்: "டீச்சர், இது உங்கட மதினி தந்த."

"எங்களுக்கும் அவங்கதான் டீச்சர்!"

"எங்கட வாப்பாக்கும்!"

பெரியநீலாவணையில் இருந்து வரும் ஒரு பிள்ளையும் கையை உயர்த்தினாள். அவளுடைய அம்மா உங்களிடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்தபோது வாங்கிப் போனதாம். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அன்று பின்னேரம் நான் கடப்பால் வந்தபோது செய்தி எனக்கு முன்னே வந்துவிட்டிருந்தது. நீங்கள் மெஷினை நிறுத்தவில்லை. துணியைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"உன்ட பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு முன்னால என்னக் கள்ளியாக்கிப் போட்டா, என்ன?"

"இல்ல மதினி. நான் உங்கட பேரே சொல்லல்ல."

"நீ சொல்லல்ல. சிரிச்ச சத்தம் சந்தி வரைக்கும் கேட்டிருக்கு. காசுக்கா குடுத்தன்? பாவமெண்டுதானே குடுத்தன்!"

"பாவமெண்டு குடுத்தாலும் அது..."

"போ புள்ள. போய்ப் படிப்பி."

அடுத்த நான்கு நாட்களும் நீங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வட்டிலப்பம் மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினீர்கள். கோபத்திலும் வட்டிலப்பத்தில் நீங்கள் இனிப்பைக் குறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ரிஹ்லா பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். முந்திய கிழமையும் அவளுக்குக் காய்ச்சல் வந்து, உங்கள் குளிசையில் இரண்டு நாளில் எழும்பியவள். இப்போது திரும்பவும் வந்து, உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஒன்றும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். அவளுடைய உம்மா வழக்கம்போல உங்களிடம்தான் ஓடி வந்தார். நீங்கள் டின்னைத் திறந்தீர்கள். பிறகு மூடினீர்கள். ஏன் மூடினீர்கள் என்று பின்னாளில் கேட்டேன். "புள்ளட கண்ணு மேல போச்சி. எனக்குக் கை ஓடல்ல" என்றீர்கள். அவ்வளவுதான்.

வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டீர்கள், நான்கு நாள் கோபத்தை மறந்து. "புள்ள, ஓட்டோவுக்குச் சொல்லு. சுறுக்கா!"

ரிஹ்லாவை மடியில் வைத்தபடி நீங்கள், பக்கத்தில் அவள் உம்மா, ஓரத்தில் நான். வழியெல்லாம் நீங்கள் ஓதிக்கொண்டே வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் வார்ட்டில் இருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஓர் இளம் பெண் வைத்தியர். இரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். அவர் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முதல் வீட்டில ஏதும் மருந்து குடுத்தீங்களா?"

ரிஹ்லாவின் உம்மா உங்களை ஒருதரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இல்ல டொக்டர். ஒண்டும் குடுக்கல்ல."

உங்களைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒழுங்கையே உங்களைத் தலையில் வைத்திருந்தது, ஒருவரும் அறிந்திருக்கப் போவதில்லை. உங்கள் முகத்தை நான் பார்த்தேன் மதினி. உதடு இரண்டு தரம் திறந்து மூடியது.

"அவ எனக்காகச் சொல்றா டொக்டர். நான்தான் குடுத்தன். ரெண்டு நாள், நாலு குளிசை."

சொல்லிவிட்டு அபாயாவுக்குள் இருந்து அந்த டின்னை எடுத்து, கட்டில் ஓரத்தில் வைத்துத் திறந்தீர்கள். நீங்கள் அதைக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. வைத்தியர் உள்ளே பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்து உங்கள் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இதில எது குடுத்தீங்க, காட்டுங்க அக்கா."

நீங்கள் காட்டினீர்கள். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

"நாலு குளிசையில கிருமி முழுசாச் சாகல்ல. ஆனா சோதனையில அம்பிடாத அளவுக்குப் பதுங்கிட்டு இருக்கும். நீங்க சொல்லாம விட்டிருந்தா நாங்க வேற எங்கயோ தேடிட்டு நிண்டிருப்பம். சொன்னது பெரிய உதவி."

நீங்கள் அழுதீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை எழும்பிருவா" என்றார். எழும்பினாள். ஒரு கிழமைக்குப் பிறகு, வார்ட்டின் பாண் நல்லா இல்லை என்று குறை சொல்லும் அளவுக்கு எழும்பி வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த கிழமை ஒரு காலை, முதலாம் பாடத்தில், வகுப்பு வாசலில் நீங்கள் நின்றீர்கள். நல்ல அபாயா, கையில் ஒன்றுமில்லை. டின்னில் இருந்தவற்றையெல்லாம் ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் கொடுத்துவிட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. "டீச்சர், எனக்கு இந்தப் புள்ளைகளோட கொஞ்சம் கதைக்கணும்" என்றீர்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அன்றுதான்.

"புள்ளைகள், நான்தான் அந்தக் குளிசை ராத்தா. உங்களுக்கெல்லாம் தெரியும். ரிஹ்லாக்குக் குடுத்ததும் நான்தான். பிழை செஞ்சிட்டன்."



"உங்கட டீச்சர் பற்றீரியா, வைரசு எண்டு படிப்பிச்சிருப்பா. எனக்கு அதெல்லாம் வாயில வராது. உங்கட வாப்பாமார்ர வயலுக்கு மருந்தடிக்கிறதக் கண்டிரிக்கீங்களா?"

"ஓம்!" என்றது பாதி வகுப்பு.

"அரைவாசி மருந்தடிச்சா என்ன நடக்கும்?"

பின் வரிசையில் இருந்து ஒருத்தி சொன்னாள்: "புல்லு வாடும். மறுகா திரும்ப வரும்."

"எப்படி வரும்?"

"முறுகி வரும். அடுத்த போகம் அதே மருந்துக்குச் சாகாது எண்டு வாப்பா ஏசுவார்."

"அதேதான்" என்றீர்கள். "நான் உங்கட ஒடம்பு வயலுக்கெல்லாம் அரைவாசி மருந்தடிச்சிட்டுத் திரிஞ்சிரிக்கன்."

மதினி, மூன்று பாடவேளை கத்தியும் என்னால் ஏற்ற முடியாத வெளிச்சம் அந்த முகங்களில் அப்போது ஏறியது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நீங்கள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கட டீச்சரும் எனக்கிட்ட வாங்கிப் போட்டவதான், கேட்டுப் பாருங்க" என்றீர்கள். வகுப்பு கூரை பறக்கக் கத்தியது. "உண்மையா டீச்சர்?" என்று இருபது வாய் கேட்டது. நானும் எழுந்து நின்று, "ஓம், போட்டேன். பிழைதான்" என்றேன். அந்த வருடம் என் பாடத்தில் பிள்ளைகள் கையுயர்த்திக் கேள்வி கேட்கத் தொடங்கியது அன்றைக்குப் பிறகுதான்.

அதன் பிறகு வந்தது அந்த நாடகம். பெற்றோர் தினத்துக்கு 'கிருமிகளின் கூட்டம்' என்று ஒன்றை நானே எழுதினேன். கிருமிகளுக்கு உடுப்புத் தைக்கும் வேலையை நீங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். அபாயா வெட்டி மிஞ்சிய கறுப்புத் துணியில் ஏழு கிருமி உடுப்பு. முதுகில் வால், நெற்றியில் சிவப்புப் பொத்தான் கண்கள். கிருமித் தலைவி வேறு யாருமில்லை, ரிஹ்லாதான். "எனக்குத்தான் கிருமியப் பத்தி நல்லாத் தெரியும்" என்று சண்டை போட்டு வாங்கிய பாத்திரம். அவளுடைய வாலை மட்டும் நீங்கள் ஒரு முழம் கூட வைத்துத் தைத்தீர்கள்.

மேடையில் நடந்ததை இப்போதும் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்கிறோம். நாடகப்படி, பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று தாய் இரண்டாம் நாளே மருந்தை நிறுத்த வேண்டும். கிருமிகள் எழும்பி ஆட வேண்டும். ரிஹ்லா நீண்ட வசனம் பேச வேண்டும். தாயாக நடித்தவள், "இனிப் போதும், புள்ளைக்கு நல்லாயிட்டு" என்று போத்தலை மூடியதும், முன் வரிசைக் கதிரையில் இருந்து உங்கள் குரல் எழுந்தது.

"அடியே, நிப்பாட்டாத! டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் குடு!"

மண்டபம் அதிர்ந்தது. தாயாக நடித்த பிள்ளை பயந்துபோய்ப் போத்தலைத் திரும்பத் திறந்து மருந்தைக் கொடுத்துவிட்டாள். ஆறு கிருமிகளும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து செத்தன. ரிஹ்லா மட்டும் நடு மேடையில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் சாகமாட்டன்! எனக்கு இன்னும் வசனம் இரிக்கி!"

அதிபர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடைசியில் நீங்களே எழுந்து, "சரி மகள், வசனத்தச் சொல்லிட்டுச் சாவு" என்று அனுமதி கொடுத்தீர்கள். அவள் ஒரு சொல் விடாமல் பேசி முடித்துவிட்டு, வாலைச் சரிசெய்துகொண்டு, மிக மெதுவாக விழுந்தாள். பெற்றோர் தின நிகழ்ச்சியில் அவ்வளவு கைதட்டலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

டின் போன பிறகும் ஆட்கள் உங்களிடம் வருவது நிற்கவில்லை. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். நீங்கள் மெஷினை மூடிவிட்டு, "வா, போவம்" என்று அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டீர்கள். இலக்கம் எடுத்துக் கொடுத்து, வரிசை வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வைத்தியரிடம் கூச்சமில்லாமல் கேட்டீர்கள்: இது எதுக்கு, எத்தனை நாளைக்கு, இடையில் சுகம் வந்தால் என்ன செய்வது. சிலருக்கு வைத்தியர் அன்டிபயோட்டிக் எழுதாமல், ஓய்வும் நீராகாரமும் போதும் என்று அனுப்பினால் முகம் சுருங்கும். "ஒண்டும் தரல்லியே ராத்தா" என்பார்கள். "தேவையில்லாததத் தராம விட்டாரே, அதுக்குத்தான் வந்த" என்று அவர்களைச் சிரிக்க வைத்துக் கூட்டி வருவீர்கள்.

நீங்கள் மௌத்தாகி ஒன்றரை வருடமாகிறது. நெஞ்சு நோகிறது என்று சொன்ன அன்றே போய்விட்டீர்கள். உங்கள் ஜனாஸாவுக்கு அந்தப் பாண்டிருப்பு வைத்தியர் வந்திருந்தார். ரிஹ்லாவின் உம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றார். அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும்.

போன வியாழக்கிழமை, புதிதாக எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்த ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு என் வாசலில் நின்றார். பிள்ளை இரவெல்லாம் இருமியதாம். பாமசியில் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா டீச்சர் என்று கேட்டார். கணவர் வெளிநாட்டில். ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. திருத்த வேண்டிய கொப்பிகள் மேசையில் கிடந்தன. நான் பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா மகள், போவம்" என்றேன்.

வரிசை நீளம். பிள்ளை என் தோளில் தூங்கிப் போனது. எங்கள் முறை வந்து உள்ளே போனபோது, தாதி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"பிள்ளைக்கு நீங்க யாரு? உம்மம்மாவா?"

இரத்த உறவு ஒன்றுமில்லை. பெயர்கூட அந்தக் காலைதான் கேட்டறிந்தேன். ஆனாலும் பதிலுக்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, மதினி.

"கூட வந்த ஆள்" என்றேன்.